முப்பது வெள்ளிக்காசும் ஒரு இலட்சம் ரூபாவும்

இந்த முறை பெரிய வெள்ளி, எங்கட கோயிலில் சிலுவைப்பாதை முடிஞ்சு பிரசங்கம். "நாங்கள் எல்லாரும் பெறுமதியில்லாத புழுக்கள். ஆண்டவர் சிந்திய இரத்தம்தான் எங்களுக்கு ஒரு விலையைப் போட்டது" என்றார் சுவாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைகளைத் துலைச்ச அம்மாமார் அந்த வேதனையையும் ஒரு பலியாக ஒப்புக்கொடுங்கோ" என்றார். எனக்கு முன் வாங்கில் ஒரு அம்மா இருந்தா. 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கையில பிடிச்சுக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைச்சவ. ஒருக்கா ஒப்படைச்சது காணாது எண்டு இப்ப ஒப்புக்கொடுக்கவும் சொல்லுகினம். அவ தலையாட்டினா. எனக்கு நெஞ்சு எரிஞ்சது.

இதை நான் கோயிலுக்கு வெளியில நின்று எழுதவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவள், மறைக்கல்வி வகுப்பில பரிசு வாங்கினவள். அதனால்தான் கேட்கிறேன். மனிசருக்குப் பெறுமதி வந்தது யேசு செத்ததாலயோ? இல்லாட்டில், பெறுமதி இருந்தபடியால் அவர் சாகத் துணிஞ்சாரோ? இரண்டும் ஒன்றல்ல.

'மீட்பு' என்ற சொல்லையே எடுங்கோ. எங்கட ஊரில அந்தச் சொல்லைக் கோயிலில கேட்கிறதைவிட அடகு பிடிக்கிற இடத்தில கூடக் கேட்கலாம். 2022இல் எல்லாமே வரிசையாக இருந்த காலத்தில் எங்கட அம்மாவின்ர காப்பும் அடகுக்குப் போனது. வட்டி கட்டிக் கட்டி, சீட்டுக்காசு எடுத்து, அம்மா அதை மீட்டா. "இந்த வட்டிக்குப் புதுசே வாங்கலாம்" என்று மாமா பேசினார். அம்மா கேட்கவில்லை. அது அம்மம்மாவின்ர காப்பு. மீட்டதால அது அருமையான பொருளாக மாறவில்லை. அருமையானது என்பதால்தான் மீட்டா. குப்பையை ஒருத்தரும் அடகு மீட்கிறதில்லை.

வேதாகமமும் இந்த ஒழுங்கில்தான் போகிறது. கடவுளின் சாயலில் மனிதர் படைக்கப்பட்டது தொடக்கநூலின் முதலாம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. பாவம் மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. கல்வாரி அதற்கும் எவ்வளவோ பின்னால். அப்ப அந்தப் 'புழு' எங்கிருந்து வந்தது? 22ஆம் திருப்பாடலில் அந்தச் சொல் இருக்கிறது. சனம் எல்லாம் பழிச்சுச் சிரிக்க, நசுங்கிப்போன ஒருவர் தன்னைப் பற்றி ஓலமிடுகிற இடம் அது. யேசு சிலுவையில் கதறியது அதே பாடலின் முதல் வரியை. மிதிபட்டவரின் ஓலத்தை எடுத்து, மிதிபட்டவருக்கே கடவுள் போட்ட பெறுமதி என்று திருப்பிக் கொடுக்கிறது என்ன நியாயம்?

இனி விலைக்கு வருவம். விடுதலைப்பயண நூலில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவரின் மாடு இன்னொருவரின் அடிமையை முட்டிக் கொன்றால், அடிமையின் எசமானுக்கு முப்பது வெள்ளிக்காசு கட்டவேணும். அதோட கணக்கு முடிஞ்சது. மத்தேயுவில் தலைமைக் குருக்கள் யூதாசுக்கு எண்ணிக் கொடுத்ததும் அதே முப்பதுதான். மாடு முட்டிச் செத்த அடிமைக்கான தொகையைத்தான் அதிகாரம் அந்த ஆளுக்கு விலையாகப் போட்டது. உலகம் மனிசருக்கு விலை போடேக்க எப்பிடிப் போடும் என்பதை அந்தக் கதை காட்டித் தருகிறது. இதுதான் சரியான விலை என்று அது ஓரிடத்திலும் சொல்லவில்லை. பேதுருவின் முதலாம் கடிதம் இந்த மீட்பு வெள்ளியாலோ பொன்னாலோ நடந்ததல்ல என்று அழுத்திச் சொல்வதும் அதனால்தான்.

எங்கட நாட்டிலும் ஒரு தொகை போட்டார்கள். 2022 மார்ச்சில், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு ஒருமுறைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடங்கி, வெயிலிலும் மழையிலும் குந்தியிருந்த அம்மாமார் கேட்டது காசை அல்ல. "பிள்ளை எங்க?" என்றுதான் கேட்டவை. அவர்களின் சங்கங்கள் அந்தக் காசு வேண்டாமெண்டு சொன்னதை விளங்காதவர்கள் மத்தேயுவை இன்னொருக்கா வாசிக்கவேணும். வறுமையில அந்தக் காசை வாங்கினவையில் நான் ஒரு குற்றமும் சொல்லமாட்டன். யூதாஸ் அவர்கள் அல்ல. குற்றம், காசை எண்ணி வைச்சுக் கோவையை மூடப் பார்த்தவையில்தான்.

எனக்குக் கோபம் எங்க வருது தெரியுமோ? அமைச்சரவை ஒரு இலட்சத்தைக் கொடுத்து மூடப் பார்த்த கோவையை, எங்கட பிரசங்கம் மோட்சத்தைக் காட்டி மூடப் பார்க்கிறது. "ஒப்புக்கொடுங்கோ" என்றால் இனிக் கேட்காதேங்கோ என்றுதானே அர்த்தம்?

ஒரு மனிதர் சனத்துக்காகச் சாகிறது நல்லது, முழு இனமும் அழியத் தேவையில்லை என்ற கணக்கை யோவான் நற்செய்தியில் சொல்வது யார்? யேசு அல்ல, கயபா. அவரைக் கொல்லத் திட்டம் போட்ட தலைமைக் குரு. எங்கட நாட்டில் எல்லாரும் கயபாவின் கணக்கைத்தான் படிச்சவை. நாட்டைக் காப்பாற்ற என்று சொல்லிச் சனத்துக்கு ஷெல் அடிச்சவையும் அதையே சொன்னவை. இனத்தின் பெயரால் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போனவையும் அதையே சொன்னவை. யேசு அந்தக் கணக்கைப் போடவில்லை. கைது செய்ய வந்தவர்களிடம் தன்னைக் காட்டிக்கொடுத்து, தன்னோடு நின்றவர்களைப் போகவிடச் சொன்னார். கொடுத்தது தன்னை, மற்றவரை அல்ல. எபிரேயர் கடிதம் இந்தப் பலி ஒரே தரம், எல்லாருக்குமாக முடிஞ்சது என்கிறது. அதை நம்புகிறவர் இனி இன்னொருவரை, இன்னொருவரின் பிள்ளையை, பலி என்று பெயர் வைச்சுக் கேட்க ஏலாது.

"அப்ப துன்பத்தில ஆறுதல் தேடக் கூடாதோ?" என்று கேட்பீர்கள். தேடலாம். அந்த அம்மா தானாகவே சிலுவையைப் பார்த்து ஒரு அர்த்தத்தைக் கண்டால் அது அவவின்ர உரிமை. அதைப் பீடத்தில நின்று இன்னொருவர் எழுதிக் கொடுக்க ஏலாது. எல்லாக் குருமாரும் இப்பிடி என்றும் இல்லை. யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார் 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு தானும் போனார். இன்றுவரை திரும்பவில்லை. அவர் ஒருவரிடமும் எதையும் ஒப்புக்கொடுக்கச் சொல்லவில்லை, கூடப் போனார். சிலுவை பற்றி எனக்குத் தெரிஞ்ச நல்ல பிரசங்கம் அதுதான்.

மரியா சிலுவையடியில் நின்றார் என்று மட்டும்தான் யோவான் எழுதுகிறார். மகனைப் பலி கொடுத்தேன் என்று மரியா சொன்னதாக அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. வீதியோரக் கொட்டகைகளில் படத்தைப் பிடிச்சபடி இருக்கிற அம்மாமாரும் அங்கதான் நிக்கினம். வாற பெரிய வெள்ளிக்கு எங்கட சுவாமி புழுக்களைப் பற்றிப் பேச வேண்டாம். முன் வாங்கில் இருக்கிற அந்த அம்மாவின்ர மகனுடைய பெயரைப் பீடத்திலிருந்து சத்தமாக வாசிச்சு, "இவர் எங்க?" என்று கேட்கட்டும்.