ஐந்தில் ஒரு பங்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ஆசிரியை எட்டுப் பக்கக் கையெழுத்துப் பிரதியுடன் வந்தார். போபாலில் மத்திய அரசு நடத்தும் பள்ளி ஒன்றில் இருபது வருடமாக அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். அறிவியல் ஆசிரியர்களுக்கென்றே வரும் இந்திப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப வேண்டுமாம். "பையா, நீங்கள் பத்திரிகைக்காரர். ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்" என்றார். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இந்தியிலிருந்து மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு இந்தக் கௌரவம் அடிக்கடி கிடைப்பதில்லை.

முதல் ஐந்து பக்கங்களில் விஞ்ஞானத்தின் மகிமை. பண்டைய பாரதம், சர் சி.வி. ராமன், அப்துல் கலாம், நாளைய குடிமக்கள். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆறாம் பக்கத்தில்தான் விஷயம் ஒளிந்திருந்தது.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை உங்களுக்கும் நினைவிருக்கும். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு. காற்றில் ஆக்ஸிஜனும் ஐந்தில் ஒரு பங்கு, அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று படித்தோம். தீதியும் அப்படித்தான் கற்றுக்கொடுத்து வந்தார், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றும்வரை. தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. மூன்று ஏற்றினார்கள், மேலும் ஏறியது. "மெழுகுவர்த்தி அதிகமானால் காற்றில் ஆக்ஸிஜனும் அதிகமாகுமா, மேடம்?" என்று கேட்டிருக்கிறான்.

அன்றிரவு எங்கள் சமையலறையில் நானும் ஏற்றிப் பார்த்தேன். பையன் சொன்னது சரி. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. கொஞ்சம் குமிழியாக வெளியேறியும் விடுகிறது. சுடர் அணைந்த பிறகு மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, தண்ணீர் ஏறுகிறது. ஆக்ஸிஜன் செலவாவதற்கும் இதில் சிறு பங்கு உண்டு. ஆனால் அது முழுதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்பது தற்செயல். விஷயம் புதிதுமல்ல, 1999இல் அமெரிக்காவின் 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன்' இந்தத் தப்பெண்ணம் ஏன் சாகமாட்டேன் என்கிறது என்று ஒரு கட்டுரையே வெளியிட்டது.

எனக்கு வேறொன்று உறைத்தது. நம் பாடப்புத்தகத் தமிழில் 'நீர்மட்டம் உயர்வதைக் காண்கிறோம்' என்று ஒரு வாக்கியம் வரும். யார் கண்டார்கள்? எந்த டம்ளரில்? மொழிபெயர்ப்பில் நானே அந்தக் 'காண்கிறோ'மை நூறு தடவையாவது போட்டிருப்பேன், எதையும் காணாமல்.

இந்தப் பக்கத்து மண்ணில் கண்டதை எழுதும் வழக்கம் ஒரு காலத்தில் வேர்விட்டிருந்தது. இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் ஹோஷங்காபாத்; 2022இலிருந்து நர்மதாபுரம். 1972இல் கிஷோர் பாரதியும் ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து பார்த்துக் கற்கும் அறிவியலைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. 'பால் வைஞானிக்' என்ற பாடப்புத்தகம் விடை சொல்லாமல் கேள்வி கேட்டது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் மாதாமாதம் கூடி, எந்தச் சோதனை ஏன் சொதப்பியது என்று பேசினார்கள். 2002இல் மாநில அரசு ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் நிறுத்தியது. 1994இல் ஏகலவ்யா தொடங்கிய 'சந்தர்ப்' இருமாத இதழ் மட்டும் அந்த உத்தரவோடு போய்விடவில்லை.

தீதியிடம் முதல் ஐந்து பக்கங்களைக் கிழித்துவிடச் சொன்னேன். ராமனைக்கூடவா என்றார். ராமனைக்கூட. அதற்கு ஒப்புக்கொண்டவர் அடுத்ததற்கு மசியவில்லை: "பெயர் போட வேண்டாம். 'ஓர் ஆசிரியை' என்று போட்டால் போதும்." இருபது வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று அச்சில் ஒப்புக்கொண்டால் ஸ்டாஃப் ரூமில் என்ன பேசுவார்கள்? போதாததற்கு, அனுமதி இல்லாமல் எதுவும் எழுதக்கூடாது என்று முதல்வர் வேறு சொல்லியிருந்தார். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளை எடுத்துக் காட்டினேன். எப்போதாவது செய்யும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணிக்கு முன் அனுமதி தேவையில்லை என்று அதிலேயே இருக்கிறது. படித்தார். முகம் தெளியவில்லை. அவருடைய பயம் விதியைப் பற்றியதல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அந்தப் பையனின் பெயரைப் போடலாமா?" என்று கேட்டேன். "அதெப்படிப் போடாமல்? கேள்வி அவனுடையது" என்றார் சட்டென்று. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேனாவை வாங்கித் தன் பெயரையும் எழுதினார்.

மூன்று பக்கக் கட்டுரை போயிற்று. பத்து நாளில் பதில். ஆசிரியர் குழு பாராட்டவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. நாலு கேள்வி அனுப்பியிருக்கிறது. டம்ளரின் அளவு என்ன? எத்தனை தடவை செய்தீர்கள்? மெழுகுவர்த்திகளின் உயரம் ஒன்றுதானா? தண்ணீர் ஏறியது சுடர் அணைவதற்கு முன்பா, பின்பா?

தீதிக்குக் கோபம். "இதையெல்லாம் யார் குறித்து வைத்தது?" என்றார். மறுநாள் காலை வாசலில் வந்து நின்று, செகண்ட் முள் உள்ள கடிகாரம் இருந்தால் சனிக்கிழமைவரை கடன் கேட்டார். ஏழாம் வகுப்பில் மறுபடியும் ஏற்றப்போகிறார்களாம்.