கடைசித் தண்ணீர்

குழந்தை பிறந்த இல்லத்தை அறிந்துகொள்ள எவரையும் விசாரிக்க வேண்டுவதில்லை. கொல்லைப்புறக் கொடியை ஏறிட்டுப் பார்த்தாலே போதும். பழஞ்சேலையைக் கிழித்து மடித்த அணையாடைகளும், உள்ளங்கை அகலமே உள்ள சட்டைகளும், தொட்டில் துணியும் அங்கே வரிசையாய் ஆடிக்கொண்டிருக்கும். டயப்பர் எளிதாய்க் கிடைக்கும் இந்நாளிலும், வீட்டில் இருக்கும் வேளையில் துணியையே கட்டும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் நீடிக்கிறது. அது நல்ல வழக்கமே. ஆயின், இத்துணிகளை எதைக்கொண்டு துவைப்பது என்பதில் இளந்தாய்மாருக்குப் பெருங்குழப்பம். குழந்தைகளுக்கென்றே விலையுயர்ந்த திரவங்கள் கடைகளில் அணிவகுத்து நிற்கின்றன. பூந்திக்கொட்டை போதும் என்கிறார் பாட்டி. வீட்டிலேயே தூள் தயாரித்துக்கொள் என்கிறார் அண்டை வீட்டார். எது சரி?

எதைக்கொண்டு துவைத்தோம் என்பதைவிட, துவைத்தபின் துணியில் எது தங்கிற்று என்பதே முதன்மையானது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் மற்றவை தாமே தெளிவாகும்.

பச்சிளங்குழந்தையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால், அதன் தோற்பரப்பு பெரியவர்களுடையதைப் போல் இருமடங்குக்கும் மேலாகும். அத்தோலின்மீது ஈரமும் வெதுவெதுப்புமாய் நாள் முழுதும் ஒட்டிக் கிடப்பது அணையாடை. அதில் தங்கிய எப்பொருளும் தோலை உறுத்தலாம். சில பொருள்கள் தோலைக் கடந்து குருதியிலேயே கலந்துவிடலாம்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் குழந்தைகள் சிலர் காரணம் புலப்படாமல் மிகுதியாய் வியர்த்து, காய்ச்சலுற்று, மூச்சுத் திணறினர். இருவர் இறந்தனர். மருத்துவர்கள் தேடித் தேடி இறுதியில் வந்து நின்ற இடம் சலவைக்கூடம். துணிகளில் கிருமி அண்டாதிருக்க, துவைப்பின் கடைசிக் கட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பொருளில் பென்டாகுளோரோபீனால் என்னும் நச்சின் உப்பு இருந்தது. அழுக்கால் வந்த கேடன்று அது. தூய்மைக்கென்று சேர்த்ததால் வந்த கேடு.

நம் வீடுகளிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. துணியை அலசி முடித்தபின், நறுமணங் கமழும் கிருமிநாசினியைக் கடைசி வாளியில் ஊற்றி, அதில் முக்கிப் பிழிந்து அப்படியே உலர்த்துகிறோம். அந்நஞ்சு இவற்றில் இல்லையென்பது உண்மையே. எனினும் கிருமியைக் கொல்லும் எப்பொருளும் குழந்தையின் தோலுக்கு உணவாகாது. நீலம், கஞ்சி, துணியை மென்மையாக்கும் திரவம் ஆகியவையும் அவ்வாறே துணியிலேயே தங்குவதற்கென்று சேர்க்கப்படுபவை. மென்மையாக்கும் திரவம் துணியின் ஈரம் உறிஞ்சும் ஆற்றலையும் குறைத்துவிடும். கடைசித் தண்ணீர் வெறுந்தண்ணீராகவே இருக்கட்டும்.

இனி, துவைக்கும் பொருளைப் பார்ப்போம். சோப்பு மிகப் பழையது, நல்லது. ஆனால் உப்புக்கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் அதற்கு ஒரு குறை உண்டு. அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு கூடி, நீரில் கரையாத வெண்கசடாகித் துணியின் இழைகளில் படிகின்றன. நாளடைவில் துணி விறைக்கும், ஈரத்தை உறிஞ்சாது, எத்துணை துவைத்தாலும் சிறுநீர் வாடை நீங்காது. தாயோ சோப்புப் போதவில்லையென எண்ணி மேலும் தேய்ப்பாள்; கசடு மேலும் கூடும். இத்தகைய நீருள்ள ஊர்களில் சலவைத்தூளோ சலவைத் திரவமோ ஏற்றது. இக்கசடு அதில் உண்டாவதில்லை. குழந்தைக்கென்றே தனித்தூள் வாங்கியாக வேண்டுமென்பதில்லை. நறுமணமும் நிறமும் இல்லாத அல்லது குறைவாயுள்ள ஒன்றைத் தேர்ந்து, குறித்த அளவுக்கு மேல் போடாமலிருந்தால் போதும். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாய்ப் போகும் என்பது தவறான எண்ணம். நுரை மிகுந்தால் அலசும் வேலைதான் மிகும்.

வீட்டில் தயாரிக்க விரும்புவோருக்குப் பூந்திக்கொட்டை நல்ல துணை. பத்துப் பன்னிரண்டு காய்களின் விதையை நீக்கி, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், பின்னர்ப் புளித்துவிடும். சட்டைக்கும் தொட்டில் துணிக்கும் இது நன்று. மலம் பட்ட அணையாடைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் இதன் ஆற்றல் போதாது. கண்ணிற் பட்டால் எரியும். ஆகவே தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சோப்பைத் துருவிச் சலவைச் சோடாவும் வெண்காரமும் கலக்கும் முறையை அண்டை வீட்டார் சொன்னால் சற்றே தயங்குங்கள். வெண்காரம் உள்ளே சென்றால் நஞ்சு. குழந்தை தவழும் வீட்டில் அதைக் குவித்து வைப்பது நன்றன்று. சலவைச் சோடா கடினநீருக்கு உதவுவதே. ஆனால் காரம் மிகுந்தது. கையையும் தோலையும் புண்ணாக்கும். சிறிதளவே இட்டு, மிக நன்றாக அலச வேண்டும்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலத்தை முதலில் நீரில் கழுவிக் கழிப்பறையில் சேர்த்துவிடுங்கள். சிறுநீர்த் துணியைத் துவைக்கும்முன் ஒருமுறை வெறும் நீரில் அலசுங்கள். சிறுநீர் ஊறிய துணியில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள்; மூச்சைத் தாக்கும் நச்சாவி எழும். பருத்தி அணையாடையை வெந்நீரில் துவைப்பது நன்று. பின்னர், நீர் தெளியும்வரை மும்முறையேனும் அலசுங்கள். நல்ல வெயிலில் விரித்து உலர்த்துங்கள். அதனினும் எளிய கிருமிநாசினி வேறில்லை. துணியில் ஏதேனும் தங்கியுள்ளதா என்றறிய ஒரு சோதனையுண்டு. உலர்ந்த துணியை ஒரு கிண்ணம் நன்னீரில் இட்டுக் கலக்குங்கள். நுரை தோன்றினால் அலசல் போதவில்லை. உலர்ந்த துணியில் ஒரு துளி நீரை விடுங்கள். உடனே உறிஞ்சாமல் முத்தாய் நின்றால் கசடோ எண்ணெயோ படிந்துள்ளது என்று பொருள்.

இதைவிடக் கடுமையான எச்சரிக்கை ஒன்றுண்டு. மூத்த குழந்தையின் உடைகளையும், வழிவழியாய் வரும் வெள்ளை ஞானஸ்நான ஆடையையும் பெட்டியில் வைத்து அந்துருண்டை போடுவது நம் குடும்பங்களில் வழக்கம். அடுத்த குழந்தை பிறந்ததும் அதை எடுத்து உதறி அணிவித்துவிடுகிறோம். அந்துருண்டையிலுள்ள நாப்தலின், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகும். எண்ணெய் தடவிய உடலில் இன்னும் விரைந்து புகும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உளர். ஆண் குழந்தைகளில் இது மிகுதி. வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. இவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் நாப்தலினால் உடைந்து சிதையும். மஞ்சள்காமாலை கடுமையாகி மூளையையும் தாக்கக்கூடும். கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963-லேயே பச்சிளங்குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினர். ஆதலால் குழந்தை உடையுள்ள பெட்டியில் அந்துருண்டையும் கற்பூரமும் வேண்டா. நன்கு உலர்ந்த வேப்பிலையை ஒரு துணிப்பையில் கட்டி வையுங்கள். முன்பே அந்துருண்டையோடு வைத்த துணியெனில், பச்சிளங்குழந்தைக்கு அதை அணிவிக்காதிருப்பதே நன்று. ஞானஸ்நானத்தின் அருள் ஆடையின் பழமையில் இல்லை. புதிய எளிய பருத்தித் துணி ஒன்றே போதும். குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளித்தாலோ, உடல் வெளிறினாலோ, சிறுநீர் கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, அந்துருண்டையைப் பற்றியும் மறவாமல் சொல்லுங்கள்.

இறுதியாக, தந்தையரிடம் ஒரு சொல். மும்முறை அலசுங்கள் என்று எழுதுவது எளிது. மும்முறைக்கும் தண்ணீர் வேண்டுமே! குழாயடியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் அதைச் சுமப்பவர் யார்? பிரசவித்த உடல் தேறாத தாய் குனிந்து நிமிர்ந்து சுமக்கையில், மூன்றாவது அலசல் இரண்டாய்க் குறைவதில் வியப்பென்ன? அக்குறைதான் குழந்தையின் தொடையில் செந்தடிப்பாய்ப் பூக்கிறது. உங்கள் பிள்ளைக்கென விலையுயர்ந்த திரவம் வாங்கிவருவது அன்புதான். அதனினும் பேரன்பு, மாலையில் வேலை முடித்து வந்ததும் இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாய்க் கொணர்ந்து வைப்பது. கடைசித் தண்ணீர் உங்கள் கையால் வரட்டும்.