நவம்பர் மலிவும் மாசி நெல்லும்

நவம்பர் 11ஆம் திகதி பிறக்கும் நள்ளிரவில் டராஸ் ஒன்லைன் விற்பனைச் செயலியில் விலைகள் விழத் தொடங்கும். அந்த நேரத்தில் இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் காலபோக நெல் இன்னும் இளம்பயிர். உழவுக்கும் விதைநெல்லுக்கும் களைநாசினிக்கும் போன காசு திரும்பிவர மாசி ஆகும். வன்னிக் குடும்பங்களின் கை ஆண்டிலேயே மிகவும் வறண்டிருக்கிற கிழமைகளில்தான் நாட்டில் மிகப் பெரிதாக விளம்பரமாகும் ஒன்லைன் மலிவு விற்பனை நடக்கிறது. மலிவில் காசை மிச்சம் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தருகிற காணொளிகளுக்குக் குறைவில்லை. எந்த வவுச்சரை எந்த நேரத்தில் அழுத்த வேண்டும், எந்த வங்கி அட்டைக்கு எவ்வளவு கழிவு என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்வார்கள். பொருளுக்குக் கொடுக்கிற காசு யாருடையது, அதற்கு வட்டி ஓடுகிறதா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். துணுக்காயிலும் மல்லாவியிலும் மிச்சமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

இந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விசயம் விளங்கும். 2009இல் சீனாவின் அலிபாபா நிறுவனம் 27 விற்பனையாளர்களோடு இதைத் தொடங்கியது. ஒக்டோபரில் வரும் தேசிய விடுமுறைக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நடுவில் வியாபாரம் படுத்துக் கிடக்கும் காலம் நவம்பர். குளிர் தொடங்குவதால் தடித்த உடுப்பு வாங்க வேண்டிய தேவையும் அங்கே உண்டு. ஆக, அது அந்த ஊர் வியாபாரிகளின் கணக்கு. 2018 மே மாதம் அலிபாபா டராஸை வாங்கியது. பதினொன்று பதினொன்று அதோடு எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் கறுப்பு வெள்ளிக்கும் இப்படியொரு காரணம் உண்டு. அது நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த பிறகு வருகிற பண்டிகை அது. நாங்கள் அறுவடைக்கு நன்றி சொல்லுவது தை முதலாம் நாள். அன்றைக்கும் வன்னியில் பல வயல்களில் கதிர் முற்றியிருக்காது, பொங்கலுக்கு மட்டும் புது அரிசி தேடுவார்கள்.

ஊர்ப் பழைய கொள்வனவுக் காலங்களை நினைத்துப் பாருங்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வருகிறது. காலபோக நெல் விற்று, அடைவு மீட்டு, கையில் நாலு காசு நிற்கிற நேரம். கோயில் வீதியில் பாயும் சட்டியும் வளையலும் விளையாட்டுச் சாமானும் பரப்பியிருப்பார்கள். மடுமாதாவின் ஓகஸ்ட் திருவிழாவோ சிறுபோக அறுவடையை ஒட்டி வருகிறது. இதையெல்லாம் யாரும் பொருளாதாரம் படித்து ஒழுங்கு பண்ணவில்லை. காசு இருக்கிற மாதத்தில்தான் கடை விரிப்பார்கள் என்ற வியாபாரப் புத்தி, அவ்வளவுதான். செயலிக்கு அந்தப் புத்தி தேவையில்லை. காசு இல்லாவிட்டால் கடனையும் அதுவே காட்டித் தருகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாப் பொருள், 10 வீதக் கழிவு. விலை 9,000. மிச்சம் 1,000. அந்த 9,000 ரூபாவை நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு வாங்கி, நெல் விற்று நான்கு மாதத்தில் திருப்பினால் வட்டி 1,080. மிச்சத்தை வட்டி விழுங்கி, மேலே 80 ரூபாவும் கேட்கிறது. பார்சல் கூலியை இதில் சேர்க்கவில்லை. வங்கியில் நகையை அடைவு வைத்து, மாதம் ஒரு வீதம் என்று வைத்தால் வட்டி 360. கொழும்பிலிருந்து கூலி 400 என்றால் கையில் நிற்பது 240 ரூபா. அந்த 240க்காக ஒரு சோடித் தோடு நான்கு மாதம் வங்கிப் பெட்டியில் கிடக்கிறது. கழிவு 30 வீதம், 40 வீதம் என்றால் கணக்கு மாறும் என்பீர்கள். மாறும்தான். ஆனால் அப்படிப்பட்ட கழிவு பெரும்பாலும் போன் உறைக்கும் காதுக்கு மாட்டும் சாமானுக்கும் கிடைப்பது. தண்ணீர்ப் பம்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அல்ல.

கோக்கோ, மின்ற்பே போன்ற வசதிகள் வட்டியில்லாமல் விலையை மூன்றாகப் பிரித்துத் தருகின்றன. மாதச் சம்பளக்காரருக்கு இது நல்ல ஏற்பாடு, அதை மறுக்கத் தேவையில்லை. வவுனியா நகரத்து ஆசிரியை ஒருவர் நவம்பரில் முதல் பங்கைக் கட்டி, டிசம்பர், ஜனவரிச் சம்பளங்களில் மற்ற இரண்டையும் கட்டி முடித்துவிடுவார். அதே மூன்று பங்கை ஒரு கமக்காரக் குடும்பத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மூன்றுமே அறுவடைக்கு முன்னால் விழுகின்றன. இரண்டாவது பங்கு வரும் நேரம் பயிருக்கு அடுத்த பசளை கேட்கும், மூன்றாவது பங்கு வரும் நேரம் பிள்ளைகளுக்குப் புதுக் கொப்பி வாங்க வேண்டியிருக்கும். தவணை தவறினால் அபராதம். வட்டி இல்லை என்ற சொல் அந்த இடத்தில் பொருளற்றுப் போகிறது. 2024/25 காலபோகத்திலிருந்து ஹெக்டயருக்கு 25,000 ரூபா என்று உயர்த்தப்பட்ட பசளை மானியமும் இந்தப் பருவத்துக்கென்றே கணக்கில் விழுகிற காசு. அதில் கை வைத்து ஒரு போன் வாங்கினால் அதன் உண்மையான விலை அறுவடையின்போதுதான் தெரியவரும்.

இன்னொரு விசயம் பலருக்குப் படுவதில்லை. மலிவிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கூடிய கழிவு வங்கிக் கடனட்டைக்குத்தான். கடனட்டை கிடைப்பது நிரந்தரச் சம்பளம் உள்ளவருக்கு. பொருள் வந்த பிறகு கையில் காசு கொடுக்கிறவருக்கு அந்த மேலதிகக் கழிவு இல்லை. ஒரே பொருளை ஒரே நாளில், கூலித் தொழிலாளி கூடிய விலைக்கும் உத்தியோகத்தர் குறைந்த விலைக்கும் வாங்குகிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ அண்ணன் இருக்கிற வீடு மூன்றாம் ரகம். அவர் அங்கிருந்தே அட்டையைத் தட்டிவிடுவார், இங்கே பார்சல் வந்து இறங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை, ஆனால் பல கடன்கள் அங்கேதான் முளைக்கின்றன.

வன்னி மக்களைச் சிக்கனம் தெரியாதவர்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. சவர்க்காரத்துக்கும் பற்றிக்கும் சீமெந்துக்கும் தடை இருந்த தொண்ணூறுகளைக் கடந்தவர்கள் இவர்கள். 2009 மேயில் போரின் முடிவில் எல்லாவற்றையும் விட்டு வந்து, மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது சட்டி, மண்வெட்டி, சைக்கிள் என்று ஒவ்வொன்றையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. ஒரு முழு வீட்டுச் சாமானையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டிவந்த சமூகம். அந்தத் தேவையின் வாசலில்தான் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வந்து நின்றன. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபா கூரை ஏறுவதற்குள் பலருக்கு முடிந்துபோனது. மிச்சத்தைக் கடன் கட்டியது. கட்டுக்காசு நாளில் வீட்டுக்குப் பின்பக்கமாக ஒளிந்த பெண்களின் கதை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எல்லாருக்கும் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தபோது வன்னி மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. தவணைக்குச் சாமான் கொடுப்பதும் புதிதல்ல. 1877இலேயே கொழும்பில் கடை திறந்த சிங்கர் கம்பனி தையல் மிசினைக் கட்டுக்காசுக்குக் கொடுத்துத்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் தையல் மிசின் தன் கட்டுக்காசைத் தானே உழைத்துத் தரும். கடனுக்கு வாங்கலாமா என்று யோசிக்கிற பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது.

அதற்காக ஒன்லைன் வியாபாரத்தைத் திட்டித் தீர்ப்பதும் நியாயமில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது ஓமந்தைக்கு வடக்கே ஒரு பொருளின் விலை என்ன என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பாதை திறந்து, 2013 செப்டெம்பரில் ரயிலும் கிளிநொச்சிக்கு வந்த பிறகுகூட, கொழும்பு விலை என்ன என்று அறிவது இலகுவாக இருக்கவில்லை. இன்றைக்கு முழங்காவிலில் இருந்துகொண்டு புறக்கோட்டை விலையைப் பார்க்கலாம். கால் இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அதிகமுள்ள மண் இது. ஐந்து கடை ஏறி இறங்க முடியாதவருக்கு வீட்டு வாசலில் பொருள் வந்து சேருவது சின்ன விசயமில்லை. செயலியில் வாங்காமலே அதனால் மிச்சம் பிடிக்கவும் முடியும். அந்த விலையைக் கொண்டுபோய்க் கிளிநொச்சியில் கடைக்காரரிடம் காட்டினால், "தம்பி, உந்த விலைக்கு நானும் தாறன், பழுதெண்டால் இஞ்சயே கொண்டு வாரும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பாதியைக் கவனியுங்கள். கிரைண்டர் மோட்டர் எரிந்தால் அதைப் பெட்டியில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பி, விற்பனையாளர் போன் எடுப்பாரா என்று காத்திருப்பதற்கும் விலை உண்டு. இருநூறு முந்நூறு ரூபா வித்தியாசத்துக்கு உத்தரவாதத்தை விட்டுக்கொடுப்பது மலிவல்ல.

வெட்டிக் கோடு போட்ட பழைய விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 4,500 என்று எழுதி, கோடு போட்டு, பக்கத்தில் சிவப்பில் 2,250. அந்தப் பொருள் 4,500க்கு எந்த நாளாவது விற்றதா? ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. கழிவு அறிவிப்பவர், அதற்கு முந்திய 30 நாட்களில் தான் விற்ற ஆகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். எங்கள் நுகர்வோர் அதிகார சபைச் சட்டம் 2003ஆம் ஆண்டினது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை அது தடுக்கிறது, ஆனால் இப்படி நாள் குறித்த விதி அதில் இல்லை. கைத்தொலைபேசியில் கடை வராத காலத்துச் சட்டம். அதைத் திருத்தும்படி வன்னி நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். திருத்தம் வரும்வரை வாங்குகிறவர் தானே அந்த விதியைத் தனக்குப் போட்டுக்கொள்ளலாம். வேண்டிய பொருளின் விலையை ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நவம்பரில் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கழிவு உண்மையா பொய்யா என்பது ஒரு நிமிட வேலை. ஏமாற்று என்று தெரிந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கும்போது அந்தப் படம்தான் சாட்சி.

மழையும் இந்தக் கணக்கில் சேரும். நவம்பர், டிசம்பர் வன்னியில் வெள்ளக் காலம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் தண்ணீர் நின்ற உயரம் மறந்திருக்காது. 2024 நவம்பர் இறுதியிலும் வடக்கு மூழ்கியது. இந்த நாட்களில் பார்சல் கொண்டுவரும் தம்பிக்கு ஒழுங்கை எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாது. "அக்கா, நான் சந்தியில நிக்கிறன், வந்து எடுங்கோ" என்பார். நனைந்த பெட்டியை வாங்குகிறவர், காசு கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிரிக்கும்போது முழுவதையும் காணொளியாக எடுப்பது அதைவிட நல்லது. உடைந்த பொருளைத் திருப்பும்போது விவாதம் அதிலேயே முடிந்துவிடும். ஒரு ஒழுங்கையில் நாலு வீட்டார் சேர்ந்து, ஒரே விற்பனையாளரிடம் ஒரே ஓடராகப் போட்டால் கூலியும் நாலாகப் பிரியும்.

இந்தச் சேர்ந்து வாங்குகிற வழக்கம் வன்னிக்குத் தெரியாததல்ல. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கிராமம் கிராமமாக இருக்கின்றன. பல இடங்களில் சீட்டும் நடக்கிறது. இவற்றில் ஒன்று மாசி, பங்குனியில் நெல்லுக் காசு வரும்போது ஆளுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, வேண்டிய பொருட்களின் பட்டியலைச் சேர்த்து, மொத்தமாக விலை பேசினால் எந்த வவுச்சரும் தராத கழிவு கிடைக்கும். மருந்து தெளிக்கும் மிசின் இருபது வாங்குகிறவரிடம் விற்பனையாளர் வேறு குரலில் பேசுவார். தனியாளாக நள்ளிரவில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அந்தப் பலம் இல்லை.

செயலியில்தான் வாங்க வேண்டும் என்றாலும் நவம்பரை விட்டால் வழியில்லை என்பது பொய். டிசம்பரில் பன்னிரண்டு பன்னிரண்டு வரும். அதைவிட முக்கியமாக, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு மலிவு வரும். அந்த நேரம் காலபோக நெல் களத்தைவிட்டுப் போயிருக்கும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா. அந்த விலையில் 36,000 ரூபாப் போன் ஒன்று 300 கிலோ நெல். நவம்பரில் அந்த 300 கிலோ இன்னும் விளையவில்லை. சித்திரையில் அது விற்று, காசு கையில் இருக்கும். வாங்குவதா விடுவதா என்று வட்டிக்காரரைக் கேட்காமல் முடிவெடுக்கலாம்.