வேடமும் விரதமும்

"விளையாட்டுத்தானே!" என்னும் ஒரு சொல்லால் எப்பிழையையும் கழுவிவிடலாம் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றி வருகின்றது. அறவீரனாக வேடமேற்று விளையாடுபவன் பொய் சொல்லலாமா, கொடுத்த வாக்கை மீறலாமா என்று கேட்டால், கேட்டவனைப் பார்த்து நகைக்கின்றனர். அந்நகைப்பு ஆழ்ந்து சிந்தியாமையின் விளைவு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகள் இன்று எமது விடுதி அறைகளுக்கும் வந்துவிட்டன. இவற்றின் முன்னோடியான 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்', கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்போரால் ஆக்கப்பெற்று 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மறு ஆண்டு வெளிவந்த அதன் துணைநூலில் 'பலடின்' என்னும் அறவீரன் தோன்றினான். நோய் தீர்க்கும் ஆற்றல் முதலிய தெய்வ வரங்கள் அவனுக்கு உண்டு. அவற்றுக்கு விலையும் உண்டு. அறிந்து தீவினை புரிந்த பலடின், தன் வரங்களை மீளப் பெறமுடியாதவாறு இழந்து, வெறும் போர்வீரனாவான் என 1978 ஆம் ஆண்டின் விதிநூல் வகுத்தது.

கடந்த விடுமுறையில் நண்பர் சிலருடன் ஆடியபோது இவ்வேடத்தை நானே ஏற்றேன். பிடிபட்ட பகைவன் ஒருவனிடம், "வழியைக் காட்டு, என் வாள் உன்மேல் படாது" என வாக்களித்தேன். அவன் வழியைக் காட்டினான். நான் தோழனுக்குக் கண்சாடை காட்ட, அவனுடைய அம்பு பகைவனை வீழ்த்தியது. என் வாள் படவில்லை, வாக்கும் தவறவில்லை! நண்பர்கள் என் சாதுரியத்தைப் பாராட்டினர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இது புதிய சாதுரியமன்று. பாரதப்போரில் அசுவத்தாமன் என்னும் யானை கொல்லப்பட, துரோணரின் மைந்தனே மாண்டான் என அவர் நம்புமாறு பேசியவர் தருமபுத்திரர். யானை என்பதையும் அவர் சொல்லத்தான் சொன்னார். துரோணர் செவியில் விழாதவாறு சொன்னார். அதுவரை நிலந்தொடாது நான்கு விரற்கடை உயர்ந்து நின்ற அவர் தேர் அக்கணமே மண்ணில் இறங்கியது என்பது பாரதம். சொல்லளவில் மெய்யைக் காத்தல் போதும் என்னும் வாதத்தை எமது மரபு அன்றே நிராகரித்துவிட்டது.

"துரியோதனனாக ஆடும் கூத்தன் பாவியாவானா? வேடம் வேறு, வேடதாரி வேறு அல்லவா?" என்பர் சிலர். உண்மைதான். ஆயின் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. கூத்தனுக்கு ஏடு உண்டு. அண்ணாவியார் பயிற்றிய பாட்டையே அவன் பாடுகின்றான். தருமபுத்திரராக ஆடுபவன் பொய் சொல்வது கதை அவ்வாறு அமைந்தமையால். எமது விளையாட்டிலோ ஏடு இல்லை. பகைவனை வஞ்சிக்குமாறு எக்கவிஞனும் எனக்கு எழுதித் தரவில்லை. அதனைச் சிந்தித்தவனும் தெரிந்தவனும் நானே.

அதுமட்டுமன்று. கள்வனாக வேடமேற்றவன் பொய் சொல்லும்போது மேசையைச் சுற்றியிருப்போரில் எவரையும் ஏமாற்றவில்லை. அவன் கள்வன் என்பது அனைவரும் உடன்பட்டதே. பலடினாக ஆடுபவனோ விரதத்தின் பேரால் வரங்களைப் பெறுகின்றான். வரத்தை வைத்துக்கொண்டு விரதத்தைக் கைவிடும்போது, கற்பனைப் பகைவனோடு மெய்யான நண்பர்களையும் அவன் ஏமாற்றுகின்றான். இங்கு நேர்மை என்பது வேடத்தின் கடமை மட்டுமன்று, ஆடுபவனின் கடமையுமாகும்.

வேடமும் விரதமும் இணைந்தவை என்பதை அறிய நாம் அமெரிக்கா செல்லவேண்டியதில்லை. கிழக்கிலங்கையின் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் விழாவிலே பாண்டவராக வேடந்தாங்குவோர் நோன்பிருந்து, வனவாசம் சென்று, ஈற்றில் தீயில் இறங்குகின்றனர். அங்கே "வேடந்தானே" என்று எவரும் சொல்வதில்லை. சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகத்தைக் கண்ட காந்தியடிகள், தாமே அரிச்சந்திரனாகத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் கூறுகின்றார். நடித்துப் பழகியது நெஞ்சில் படியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, மறுபக்கத்தாரையும் கண்டிக்கவேண்டும். "என் வீரன் சத்தியம் தவறான்" எனக் கூறி, ஒளிந்திருக்கும் ஏதிலியைக் காட்டிக்கொடுப்போரும், தோழர் ஒவ்வொருவரின் செயலுக்கும் நீதிபதியாக அமர்ந்து ஆட்டத்தையே குலைப்போரும் உளர். இவர்கள் வள்ளுவரை மறந்தவர்கள். தீமை பயவாத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவர் வகுத்தார். நான் சொன்ன மெய் ஓர் உயிரைக் கொன்றது. ஏதிலியைக் காக்கும் பொய் ஓர் உயிரைக் காக்கும். இவ்விரண்டில் வாய்மை எது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வளவு சிறிய விடயத்துக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் எனக் கேட்கலாம். நான் திரியாயைச் சேர்ந்தவன். 1985 இல் எம்மூர் மக்கள் வீடிழந்து, வயலிழந்து, இடம்பெயர்ந்தனர். மூத்தோர் அக்காலத்தைப் பேசும்போது துப்பாக்கிகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சொல்லளவில் நின்று பொருளளவில் பொய்த்த வாக்குறுதிகளைப் பற்றியும் பேசுவர். எந்தப் போரில்தான் ஆயுதம் ஏந்தியோர் தம்மை அறத்தின் பக்கம் நிற்போராகக் கூறிக்கொள்ளவில்லை? அப்போரின் எச்சத்தில் வளர்ந்த தலைமுறை, அறவீரன் வேடத்திலேயே வஞ்சகத்தைப் பழகிப் பார்த்து, அதனைச் சாதுரியம் எனப் பாராட்டுமாயின், நாம் கற்றது யாது?

அடுத்த முறை கூடியபோது, என் வீரனின் வரங்களை நீக்கிவிடுமாறு ஆட்டத்தை நடத்திய நண்பரிடம் நானே கேட்டேன். அவர் சிறிது தயங்கிப் பின் உடன்பட்டார். அவன் இப்போது வெறும் போர்வீரனாகவே ஆடுகின்றான்; காயப்பட்ட தோழரைத் தொட்டுக் குணமாக்க அவனால் இயலாது. அவ்விழப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் எனக்கு உறைக்கின்றது. உறைக்கவும் வேண்டும்.