சைக்கிள் திருட்டுக்குத் தர்ம அடி தண்டனை ஆகாது

சைக்கிள் களவுபோனால் தமிழ்நாட்டு ஊர்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. எடுத்தவன் கையும் களவுமாகச் சிக்கினால் மின்கம்பத்தில் கட்டிவைத்துத் தர்ம அடி. சிக்காவிட்டால், "பழைய சைக்கிள்தானே, போனால் போகட்டும்" என்று அக்கம்பக்கத்தாரின் ஆறுதல். அடியாலும் சைக்கிள் திரும்புவதில்லை, ஆறுதலாலும் திரும்புவதில்லை. இரண்டையும் விட்டுவிட்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டம் காட்டும் வழியைப் பொதுமக்கள் பயன்படுத்த வேண்டும் என்று புதுக்கோட்டை வட்டாரத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் சைக்கிள் கடைக்காரர்களும் வழக்கறிஞர்கள் சிலரும் கூடி இந்த வேண்டுகோளை வைக்கிறார்கள்.

சைக்கிளின் அருமை புதுக்கோட்டைக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த மாவட்டம் இது. கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் தங்கள் நேரத்துக்குப் புறப்பட்டார்கள். பின்னர் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது.

பஸ் குறைந்த கிராமத்தில் ஒரு மாணவியின் சைக்கிள் போனால், மேல்நிலைப் பள்ளி அவளுக்குத் தூரமாகிவிடுகிறது. பேப்பர் போடுபவருக்கும் டீ கேன் கட்டி விற்பவருக்கும் சைக்கிள் போன மறுநாள் வருமானம் இல்லை. "பழைய சைக்கிள்தானே" என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

திருட்டு எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் இருப்பது பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் வளையப் பூட்டு. அதை அந்த இடத்திலேயே உடைக்க வேண்டியதில்லை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்தில் உருட்டிப் போய்விடலாம். சாவி தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பள்ளிச் சைக்கிள் கொட்டகையில் இன்னொரு சிக்கல். வரிசையாக நிற்பவை எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர். அடையாளத்துக்காகப் பிள்ளைகள் ஹேண்டில்பாரில் ரிப்பன் கட்டுகிறார்கள், மட்கார்டில் பெயர் எழுதுகிறார்கள். ரிப்பனை அவிழ்க்கவும் பெயரைச் சுரண்டவும் எவ்வளவு நேரம் ஆகும்? அதன்பின் சக்கரம் தனி, செயின் தனி, சீட் தனி என்று பிரிந்து, மிச்சம் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறுகிறது. திருடியவன் கையில் சில நூறு ரூபாய் தங்கும். பறிகொடுத்தவரோ புதிதாக ஒன்று வாங்க ஐயாயிரத்துக்கு மேல் தேட வேண்டும்.

அந்த ஐயாயிரம் ரூபாய்தான் சட்டத்திலும் எல்லைக்கோடு. பழைய இ.பி.கோ. 379 இருந்த இடத்தில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு இருக்கிறது. திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவருக்கு 1 முதல் 5 ஆண்டு வரை கடுங்காவல், அதோடு அபராதம். குடியிருக்கும் வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் 305ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை போகலாம். புதிதாகச் சேர்ந்தது ஒரு விதிவிலக்கு: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, திருடியவர் முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்தால், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தபின் சமுதாய சேவைதான் தண்டனை. அந்த வேலைக்கு ஊதியம் கிடையாது.

இந்தத் தண்டனை சரியானது என்பது வேண்டுகோள் வைப்பவர்களின் முடிவு. சிறையால் பறிகொடுத்தவருக்குப் பயன் இல்லை. பொருள் திரும்ப வேண்டும், தப்பு செய்தவர் ஊருக்கு உழைக்க வேண்டும் என்பதில் நியாயமும் இருக்கிறது, திருந்த இடமும் இருக்கிறது.

ஆனால் தண்டனை வரைக்கும் வழக்கு போவதில்லை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீசார் தாமாகப் புலனாய்வு செய்ய முடியாத குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் விசாரணை தொடங்காது, வாரன்ட் இல்லாமல் கைதும் செய்ய முடியாது. மூன்று வருடம் ஓட்டிய சைக்கிளின் மதிப்பு அநேகமாக இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும். இதைக் கேட்டதும் பலர் ஸ்டேஷன் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி, இத்தகைய புகாரின் சாரத்தை நிலைய அதிகாரி பதிவேட்டில் எழுதியாக வேண்டும். இத்தகைய புகார்களின் அறிக்கையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஒரே தெருவிலிருந்து, ஒரே பள்ளியிலிருந்து புகார்கள் திரும்பத் திரும்பப் பதிவானால் அது நீதிமன்றத்தின் பார்வைக்குப் போகும். வாயால் சொல்லிவிட்டு வந்த புகாருக்கு அந்தப் பலன் இல்லை.

தர்ம அடியைப் பற்றி இந்தக் குழுவினர் தயக்கமில்லாமல் பேசுகிறார்கள். 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், உணவுப் பொருள் திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரை ஒரு கும்பல் கட்டிவைத்து அடித்தது. அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது; அவர்களில் 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். அரிசிக்காக ஓர் உயிர் போனது, பதின்மூன்று பேர் சிறைக்குப் போனார்கள். அந்த இடத்தில் சைக்கிளை வைத்துப் பார்த்தாலும் கணக்கு மாறாது. பிடிபட்டவன் 18 வயது நிறையாத சிறுவன் என்றால் அவனை விசாரிக்க வேண்டியது இளைஞர் நீதிக் குழுமம். கண்டித்து அனுப்பவும், ஆலோசனைக்கு அனுப்பவும், சமுதாய சேவை செய்ய வைக்கவும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குழுமத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கட்டிவைத்து அடிக்கவும், அதைப் போனில் படம்பிடித்துப் பரப்பவும் யாருக்கும் உரிமை இல்லை.

இதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் வேறு. வாங்க ஆள் இல்லாவிட்டால் சைக்கிளைத் திருட ஆள் இருக்காது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குபவருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு ரசீது இல்லாத சைக்கிளை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் தகப்பனார், அது இன்னொரு பிள்ளையிடமிருந்து வந்ததா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டும்.

ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளும் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்யப்பட வேண்டும். யாருடைய சைக்கிள் என்று போலீசார் உடனே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டிலும் ஒருகாலத்தில் நகராட்சியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்தன. இன்று அது இல்லை. பதிவு என்பது இப்போதைக்கு உரிமையாளர் தாமே செய்துகொள்ள வேண்டிய வேலை.

ஆகவே பொதுமக்களிடம் இந்தக் குழுவினர் கேட்பது இவைதான். சைக்கிளின் ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணை இன்றே தேடிக் குறித்துவைக்க வேண்டும். எண்ணையும் சைக்கிளையும் ரசீதையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வளையப் பூட்டோடு ஒரு சங்கிலிப் பூட்டும் வாங்கி, சக்கரத்தையும் ஃபிரேமையும் அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். களவுபோனால், எவ்வளவு பழையதானாலும், ஃபிரேம் எண்ணோடு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பழைய சைக்கிள் வாங்கும் கடைக்காரர்கள் விற்பவரின் பெயர், முகவரி, ஃபிரேம் எண் மூன்றையும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். தலைமை ஆசிரியர்கள் விலையில்லாச் சைக்கிள் வழங்கும் நாளிலேயே மாணவர் பெயருக்கு நேரே எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். திருடியவர் பிடிபட்டால் அடிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

நீதிமன்றங்களுக்கும் ஒரு பணிவான கோரிக்கை: சைக்கிள் திருடியவருக்குச் சமுதாய சேவை விதிக்கும்போது, பள்ளிக் கொட்டகைகளில் பஞ்சராகியும் பிரேக் அறுந்தும் கிடக்கும் சைக்கிள்களைப் பழுதுபார்க்க உதவும் வேலையைக் கொடுக்கலாம். சொல்லிக்கொடுத்து வேலை வாங்கச் சைக்கிள் கடைக்காரர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அதற்கு முதலில் வழக்கு வேண்டும், வழக்குக்குப் புகார் வேண்டும். சைக்கிளைப் பறிகொடுத்த ஒவ்வொருவரும் அந்தப் புகாரை எழுதிக் கொடுக்குமாறு இந்தக் குழுவினர் கேட்டுக்கொள்கிறார்கள்.