கேமரா காட்டுவதெல்லாம் மெய்யா?

விடுதியில் இரவு பதினொரு மணி. ஒரே ஒரு செல்போனைச் சுற்றி ஏழு தலைகள். காலபகோஸ் தீவில் மணலைப் பிளந்து ஒரு இகுவானாக் குஞ்சு, நம்ம ஊர் ஓணான் மாதிரி, தலையை நீட்டுகிறது. பாறை இடுக்குகளிலிருந்து பாம்புகள் சீறிக்கொண்டு வருகின்றன. ஒன்றல்ல, ஒரு கூட்டம்! "ஓடுடா, ஓடுடா!" என்று நாங்கள் கத்திய கத்தலில் வார்டனே எழுந்து வந்துவிட்டார்.

2016-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'பிளானட் எர்த் 2' தொடரின் காட்சி அது. ஆனால் நாம் பார்த்தது ஒரே குஞ்சு அல்லவாம். வெவ்வேறு குஞ்சுகளின் ஓட்டத்தை இணைத்த காட்சி என்று தயாரித்தவர்களே பின்னர் கூறினார்கள். இதைச் சொன்னதும், "அடப்பாவிகளா, ஏமாத்திட்டாங்களே!" என்றான் நண்பன்.

ஏமாற்றுதானா? நாம் தொழில்நுட்பம் படிப்பவர்கள். கொஞ்சம் யோசிப்போம். தொலைவில் நிற்கும் கேமராவின் லென்ஸ் படத்தைத்தான் அருகில் இழுக்கும், ஒலியை இழுக்காது. எனவே இத்தகைய படங்களில் காலடி ஓசையும் சருகுச் சத்தமும் பெரும்பாலும் ஸ்டுடியோவில் சேர்க்கப்படுபவை. விநாடிக்கு 1000 படங்கள் எடுத்து 25 வீதம் ஓட்டினால், ஒரு விநாடிப் பாய்ச்சல் 40 விநாடியாக நீளும். இவையெல்லாம் உண்மையைக் காட்டும் உத்திகள். பாம்பும் நிஜம், குஞ்சின் பயமும் நிஜம்.

ஆனால் வேறொரு கதையும் உண்டு. 1958-இல் டிஸ்னி நிறுவனம் 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற படத்தை வெளியிட்டது. ஆஸ்கார் விருதும் வாங்கிய படம். அதில் லெம்மிங் என்னும் எலி இனப் பிராணிகள் கூட்டம் கூட்டமாகக் கடலில் குதித்துச் சாகும். உலகமே நம்பியது. படம் பிடித்த ஆல்பெர்ட்டாவிலோ கடலே கிடையாது! விலைக்கு வாங்கிவந்த லெம்மிங்குகளை ஆற்றங்கரைச் சரிவிலிருந்து ஆட்களே தள்ளிவிட்டிருக்கிறார்கள். 1980-களில் கனடா நாட்டுத் தொலைக்காட்சி இதை அம்பலப்படுத்தியது. எண்ணிக்கை பெருகும்போது அவை இடம்பெயரும். நீரைக் கடக்கையில் சில மூழ்கும். அவ்வளவுதான். தற்கொலை அல்ல.

என் கருத்து இதுதான். வெட்டலாம், ஒட்டலாம், தள்ளிவிடக் கூடாது. ஒட்டினால் ஒட்டினேன் என்று படத்திலேயே சொல்ல வேண்டும். 2011-இல் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் வந்த பனிக்கரடிக் குட்டிகள் நெதர்லாந்து மிருகக்காட்சிசாலையில் படமாக்கப்பட்டவை. காட்டுக் குகைக்குள் கேமரா வைத்தால் ஆபத்து என்றார்கள். நியாயமான காரணம். அதைப் படத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் யார் கோபித்திருப்பார்கள்?

2004-இல் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் சுற்றுலாப் பயணி ஒருவர் எட்டு நிமிடம் படமெடுத்தார். எருமைக் கன்றைச் சிங்கங்கள் பிடிக்கின்றன. முதலை மறுபக்கம் இழுக்கிறது. எருமைக் கூட்டம் திரும்பி வந்து கன்றை மீட்கிறது. எந்தக் கதாசிரியருக்கு இது தோன்றும்? இயற்கைக்கு நம்முடைய மசாலா தேவையே இல்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு காட்சி உங்களை உலுக்கினால், நன்றாகப் பயப்படுங்கள், ரசியுங்கள். மற்றவருக்கு அனுப்புமுன் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எப்படிடா எடுத்தாங்க?" இந்தக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?