அயல்நாட்டு அடுக்களை: தைவானின் அன்னாசிக் கேக்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பலகாரம் அடையாளமாக அமைந்துவிடுகிறது. திருநெல்வேலி சென்றவர் அல்வா வாங்காமல் திரும்புவதில்லை; ஆக்ரா சென்றவர் பேட்டா வாங்காமல் ரயில் ஏறுவதில்லை. அவ்வாறே முன்னாளில் பார்மோசா என்று வழங்கிய தைவான் தீவுக்குச் சென்று மீள்வோர் அன்னாசிக் கேக்குப் பெட்டி ஒன்றைத் தவறாமல் கொண்டுவருவர். செங்கல்லைச் சிறிதாக்கினாற்போன்ற வடிவம். வாயிலிட்டால் பொலபொலவென்று உதிரும் வெண்ணெய் ஓடு. அதனுள்ளே பொன்னிறமான, இழுபடும் பழப் பூரணம். நம் கொழுக்கட்டைக்கும் சோமாசிக்கும் பூரணம் வைத்துப் பழகிய கைகளுக்கு இது அந்நியமான வித்தையன்று. ஆகவே இம்மாதம் இதன் வரலாற்றையும் செய்முறையையும் காண்போம்.

சீன மொழியில் இதன் பெயர் பெங்-லி-சு. ‘பெங்-லி’ என்பது அன்னாசி. ‘சு’ என்பது உதிரும் பக்குவத்தைக் குறிக்கும் சொல். தைவான் மக்களுள் பெரும்பாலோரின் தாய்மொழியாகிய ஹொக்கியனில் அன்னாசிக்கு ‘ஓங்-லாய்’ என்று பெயர். அதே ஒலி ‘செழிப்பு வருகிறது’ என்றும் பொருள்படும். இக்காரணத்தால் அன்னாசி அங்கே மங்கலப் பொருளாயிற்று. பூசையில் வைப்பர், புதுக்கடை திறந்தால் வைப்பர், புத்தாண்டில் உற்றாருக்கு அன்னாசிக் கேக்கை அனுப்புவர். வெற்றிலை பாக்கும் மஞ்சளும் நம்மிடையே பெற்றுள்ள மதிப்புக்கு இதனை ஒருவாறு ஒப்பிடலாம்.

இத்துணைப் பெருமை பெற்ற பழம் அத்தீவில் தோன்றியதன்று. அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. கப்பலேறி வந்து குடியேறிய பயிர் அது. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில், 1902-ஆம் ஆண்டில், தெற்கேயுள்ள பெங்ஷான் என்னுமிடத்தில் அன்னாசியைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலை தோன்றியது. பின்னர் ஹவாயிலிருந்து ‘கயேன்’ என்னும் பெரிய சாதி வரவழைக்கப்பட்டுத் தோட்டங்கள் பெருகின. 1930-களில் டப்பா அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய், மலாயா ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நிலைக்குத் தைவான் உயர்ந்தது. உலகப் போருக்குப் பின்னரும் இத்தொழில் ஓங்கியே இருந்தது. 1970-களுக்குப் பிறகு கூலி ஏறிற்று. பிற கீழ்நாடுகள் மலிவாக விற்கத் தலைப்பட்டன. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. டப்பாவுக்கென்று வளர்த்த புளிப்பும் நாரும் மிக்க கயேன் பழத்தை வாங்குவார் குறைந்தனர். உழவர்கள் அப்படியே உண்பதற்கேற்ற இனிய புதுச் சாதிகளுக்கு மாறினர்.

இனி, பலரும் அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும். கடைகளில் நெடுங்காலமாக விற்றுவந்த அன்னாசிக் கேக்கின் பூரணத்தில் பெரும்பங்கு அன்னாசியன்று, பூசணிக்காய்! நம் கல்யாண வீடுகளில் காசி அல்வாவாகவும் ஆக்ராவில் பேட்டாவாகவும் உருவெடுக்கிறதே, அதே வெண்பூசணிதான். அன்னாசியை மட்டும் கிளறினால் நார் பல்லில் சிக்கும், புளிப்பு மேலோங்கும், ஆண்டு முழுவதும் ஒரே சுவையும் அமையாது. தனக்கென்று சுவையில்லாத பூசணி நாரை மென்மையாக்கிப் புளிப்பைத் தணித்துப் பூரணத்துக்கு உடல் கொடுத்தது. விலையும் குறைந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

‘பெயரில் அன்னாசி, உள்ளே பூசணியா?’ என்னும் கேள்வி நாளடைவில் எழாமற் போகவில்லை. 2000-களின் பிற்பகுதியில் பூசணி கலவாத, கயேன் பழம் மட்டுமே கொண்ட ‘நாட்டு அன்னாசிக் கேக்’ சந்தைக்கு வந்து பெரும் பெயர் பெற்றது. நாரும் புளிப்பும் குறையென்று தள்ளப்பட்ட அதே பழம், நாரும் புளிப்பும் உடைமையாலேயே விரும்பப்பட்டது. கைவிட்ட தோட்டங்களில் மீண்டும் கயேன் நட்டார்கள். ஒரு பலகாரம் ஒரு பயிருக்கு மறுவாழ்வு கொடுத்தது என்றால் மிகையாகாது.

அப்படியாயின் பூசணி கலப்பது கலப்படமா, கைப்பக்குவமா? நம் கருத்து இது: சொல்லிக் கலந்தால் பக்குவம், சொல்லாமற் கலந்தால் கலப்படம். தேங்காய்ப் பூரணத்தில் கடலைப்பருப்பைச் சேர்க்கும் அம்மையாரை எவரும் குறை கூறுவதில்லை. விலைக்கு விற்கும் பெட்டியின்மேல் மட்டும் உண்மை எழுதப்படவேண்டும்.

இப்பழத்தை நம்பி வாழ்வோரின் நிலை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2021-ஆம் ஆண்டு காட்டியது. அதுவரை தைவான் ஏற்றுமதி செய்த புத்தம்புதிய அன்னாசியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவுக்கே சென்றது. பூச்சி இருப்பதாகக் கூறி, அவ்வாண்டு மார்ச் 1 முதல் சீனா இறக்குமதியை நிறுத்திவிட்டது. அறுவடைப் பருவம் தொடங்கும் நேரம் அது. உள்நாட்டு மக்கள் கூடைகூடையாக வாங்கினர்; ஜப்பான் முன்னைவிடப் பன்மடங்கு வாங்கிற்று; அவ்வாண்டு உழவர் தப்பினர். ஆயினும் ஒரே வாயிலை நம்பிய வீட்டுக்கு அது அடைபடும்போது என்ன நேரும் என்பதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பழம் சில நாளில் அழுகும். கிளறி வைத்த பூரணமோ மாதக்கணக்கில் காத்திருக்கும். பலகாரத்தின் பயன் நாவுக்கு மட்டுமன்று.

இனிச் செய்முறைக்கு வருவோம். கீழ்க்காணும் அளவில் 16 கேக்குகள் அமையும்.

பூரணத்துக்கு: தோலும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசி 600 கிராம், தோலும் விதையும் நீக்கிய வெண்பூசணி 400 கிராம், சர்க்கரை 120 கிராம், திரவ குளுக்கோஸ் 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. தைவானில் குளுக்கோசுக்குப் பதில் மால்ட்டுப் பாகு இடுவர். சர்க்கரை கற்கண்டாக இறுகாமல் இது காக்கும். வெண்பூசணியை டில்லிச் சந்தையில் பேட்டா என்றும் பம்பாய்ப் பக்கம் கோஹளா என்றும் கல்கத்தாவில் சால்குமரோ என்றும் கேட்டு வாங்கலாம். அன்னாசியில் ‘க்யூ’ என விற்கும் பெரிய பழம் கயேன் இனத்தைச் சார்ந்ததே. நீர் மிகுதி, ஆகவே கூடுதல் நேரம் கிளறவேண்டும். சிறிய ‘குயின்’ பழம் மணம் மிக்கது.

பூசணியைத் துருவி, சிறிது நீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவைத்துத் துணியிலிட்டு இறுகப் பிழிக. காசி அல்வாவுக்குச் செய்வதும் இதுவே. அன்னாசியைப் பொடியாகக் கொத்திக்கொள்க. அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் நன்று; அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். அன்னாசியைச் சாற்றோடு முதலில் வேகவிட்டு, நீர் பாதி வற்றியதும் பூசணி, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறுக. இறுகத் தொடங்கியதும் குளுக்கோசை விட்டுத் தீயைக் குறைக்க. இந்நிலையில் பூரணம் தெறிக்கும்; நீண்ட கரண்டி வேண்டும்; குழந்தைகள் அருகில் நிற்கலாகாது. கரண்டியால் கீறிய கோடு அடியில் மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதை நினைவிற்கொள்க. ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. இதில் அவசரம் உதவாது.

ஓட்டுக்கு: வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 40 கிராம், முட்டை 1, பால்பொடி 30 கிராம், மைதா 200 கிராம். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைத்து, அடித்த முட்டையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சலித்த மாவையும் பால்பொடியையும் கலந்து ஒன்றுகூட்டுக. சப்பாத்தி மாவைப்போல் பிசையலாகாது. பிசைந்தால் ஓடு உதிராமல் இறுகிவிடும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்திருந்து, 28 கிராம் உருண்டைகளாக்குக. பூரணத்தை 20 கிராம் உருண்டைகளாக்கி, மோதகத்துக்குச் சொப்புச் செய்வதுபோல் மாவைக் குழித்து, உள்ளே வைத்து மூடுக.

தைவானில் அடியும் மூடியுமில்லாத சதுர உலோகச் சட்டங்களில் இட்டு அழுத்தி, சட்டத்தோடு சுடுவர். ஐந்து சென்டிமீட்டர் சதுரமும் இரண்டு சென்டிமீட்டர் உயரமும் போதும். சட்டம் கிட்டாதோர் கையாலேயே கட்டியாகத் தட்டி இடைவெளி விட்டு அடுக்கலாம்; ஓரம் சற்றுப் பரவும், சுவை குறையாது. முன்னரே 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 12 நிமிடம் சுட்டு, சட்டத்தோடு திருப்பிவிட்டு மேலும் 10 நிமிடம் சுடுக. இருபுறமும் பொன்னிறம் ஏறினால் எடுத்து, ஆறிய பிறகே சட்டத்தை நீக்குக.

சுட்ட அன்றே உண்டால் ஓடு வறண்டதுபோல் தோன்றும். காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரவு வைத்தால் பூரணத்தின் ஈரமும் வெண்ணெயின் நெய்ப்பும் ஓட்டில் பரவி மென்மை வரும். நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குமேல் வெளியில் வைக்கவேண்டா.

சைவ உணவினர் முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி பால் சேர்க்கலாம். ஓடு சிறிது அதிகமாக உதிரும், அவ்வளவே. தைவானிலும் பௌத்த நெறி பற்றிப் புலால் நீக்கியோர் பலர் உண்டு. அவர்களுக்கென்றே தனிப் பெட்டிகள் விற்பனையாகின்றன. ஆனால் பழைய முறையில் செய்யும் சில பலகாரங்களில் பன்றிக் கொழுப்பு இடுவதுண்டாகையால், அங்கிருந்து வரும் பெட்டியைத் திறக்குமுன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்வது நலம்.

இம்முறை பூசணி சேர்த்தே செய்து பாருங்கள். அடுத்த முறை அன்னாசியை மட்டும் இட்டுச் செய்யுங்கள். இரண்டையும் அண்டை வீட்டாருக்கு ஒரே தட்டில் வைத்துக் கொடுத்து, எதில் பூசணி இருக்கிறது என்று கேளுங்கள். விடையை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.